வயலும் மேடும் வீட்டுமனை ஆவது எப்படி? கோவா கிராமங்களின் போராட்டம்

கோவாவில் கிராம சபை பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூடும். குப்பை, தெருவிளக்கு என்று தொடங்கும் பேச்சு, பல ஊர்களில் ஊர் எல்லையில் எழவிருக்கும் பெரிய அடுக்குமாடித் திட்டத்தில் வந்து நிற்கிறது. சால்செட் வட்டத்துக் கார்மோனாவில் இந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. விமான நிலையத்தை ஒட்டிய சங்கோலேயில் 2024-ல் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

அவர்களின் முதல் கேள்வி தண்ணீர். கோவாவின் செம்புரைக்கல் மேடுகளில் பெய்யும் மழை உள்ளே இறங்கி, அடிவாரத்து ஊற்றுகளுக்கும் கிணறுகளுக்கும் வருகிறது. மேட்டை வெட்டிக் கான்கிரீட் போட்டால் கீழே இருக்கும் ஊர்க் கிணறு வற்றும். ஏற்கெனவே கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்திருக்கும் ஊருக்கு நூற்றுக்கணக்கான புதிய வீடுகளின் கழிவுநீரும் வந்து சேரும்.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யாருக்கான வீடு என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கோவாவில் ஐந்தில் ஒரு வீட்டுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தது. இடம் தேடும் உள்ளூர்க் குடும்பத்துக்கு எட்டாத விலையில், வெளியூர்க்காரர் விடுமுறைக்கு வந்து போகும் வீடுகள் பெருகுகின்றன.

கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டால் போதாதா? போதாது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்பதை மாநிலத்தின் மண்டலத் திட்டம் முடிவுசெய்கிறது. தொழில்நுட்ப அனுமதி நகர் ஊரமைப்புத் துறையுடையது. கட்டட உரிமம் தருவது பஞ்சாயத்துதான். ஆனால் அது மறுத்தால் கட்டுநர் மேல்முறையீட்டுக்குப் போகலாம். ஊர் ஒரே குரலில் வேண்டாம் என்றாலும் அந்தக் குரலுக்குச் சட்டத்தில் உள்ள எடை குறைவு. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் மக்கள் ஒருமுறை வென்றிருக்கிறார்கள். 2006-ல் வெளியான 'மண்டலத் திட்டம் 2011' தோப்புகளையும் காடுகளையும் கட்டுமானத்துக்குத் திறந்துவிட்டது. கோவா பச்சாவ் அபியான் என்ற இயக்கம் அந்த டிசம்பரில் பணஜி ஆசாத் மைதானத்தில் பெருங்கூட்டம் கூட்டியது. சில வாரங்களில், 2007 ஜனவரியில், அரசு திட்டத்தைக் கைவிட்டது.

அதன்பின் மாற்றம் வேறு வழியாக வந்தது. மொத்தத் திட்டத்தையும் தொடாமல், மனை மனையாக மாற்றுவது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2023-ல் சேர்த்த 17(2) பிரிவு, வரைபடத்தில் உள்ள தவறுகளைத் திருத்துவதற்கு என்று சொல்லப்பட்டது. ஆனால் நில உரிமையாளர் விண்ணப்பித்தால் வயலைக் குடியிருப்பு மண்டலமாக மாற்ற முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. லட்சக்கணக்கான சதுர மீட்டர் நிலம் இப்படி மாறியது. கோவா பவுண்டேஷன் உள்ளிட்ட அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு, அந்தப் பிரிவின் வீச்சைச் சுருக்கி, அதற்கான விதிகளை ரத்து செய்தது.

அதே சட்டத்தில் 2024-ல் வந்த 39ஏ பிரிவின் கீழும் நிலத்தின் மண்டலத்தை மாற்றலாம். இதில் ஆட்சேபம் சொல்ல மக்களுக்கு 30 நாள் உண்டு. அறிவிப்பில் உள்ள சர்வே எண்ணைப் பார்த்து, அது தம் ஊரின் எந்த வயல் என்று கண்டுபிடித்து, அந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுப்பது ஊர்மக்களின் பொறுப்பு.