குட்டி ஆர்.சி விமானத்துக்கு லித்தியம் பேட்டரி வாங்கப் போறீங்களா? இந்த 3 எண்களைப் பார்த்து வாங்குங்க!

ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானம் ரெடி. பேட்டரி மட்டும்தான் பாக்கி. கடையில் கேட்டால், 'டூ எஸ்ஸா, த்ரீ எஸ்ஸா? எத்தனை சி வேணும்?' என்று எதிர்க்கேள்வி வருகிறதா? பயப்படாதீங்க. பேட்டரியின் மேல் உள்ள மூன்று எண்கள் புரிந்தால் போதும். இவ்வகை விமானங்களில் பெரும்பாலும் பயன்படுவது லித்தியம் பாலிமர். செல்லமாக 'லைப்போ'.

முதல் எண்: எஸ்

எத்தனை செல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன என்பதைச் சொல்வது இது. ஒரு செல்லுக்கு 3.7 வோல்ட். 3எஸ் என்றால் 11.1 வோல்ட், முழுசா சார்ஜ் ஆனால் 12.6. உங்கள் மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி-யும் எத்தனை எஸ் வரை தாங்கும் என்று முதலில் பாருங்கள். 'இன்னும் வேகமா போகட்டுமே' என்று 3எஸ் விமானத்தில் 4எஸ் மாட்டினால், அதே ப்ரொப்பெல்லரில் கரன்ட் எகிறி மோட்டாரோ இ.எஸ்.சி-யோ கருகிவிடும்.

இரண்டாவது எண்: எம்.ஏ.ஹெச்

இது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. 1300 எம்.ஏ.ஹெச் பேட்டரியில் 80 சதவிகிதத்தை மட்டும் பயன்படுத்துவது நல்லது. விமானம் சராசரியாக 9 ஆம்பியர் இழுத்தால், சுமார் 7 நிமிடம் பறக்கலாம். அப்போ 2200 வாங்கினால்? கணக்குப்படி 11 நிமிடத்துக்கு மேல் வரணும். ஆனால் எடையும் கூடுமே! கனத்த விமானத்துக்கு அதிக த்ராட்டில் தேவைப்படும், வேகமாகத்தான் தரையிறங்கும். மூக்குப் பக்கமோ வால் பக்கமோ கனம் சாய்ந்தால் கட்டுப்படுத்துவதே சிரமம். எனவே, விமானத்தின் கையேட்டில் சொன்ன அளவையும் எடையையும் தாண்டாதீங்க. பெரிய பேட்டரி ஒன்றைவிட, சின்னதாக இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் பறக்கவிடுவது புத்திசாலித்தனம்.

மூன்றாவது எண்: சி

தொட்டியிலிருந்து எவ்வளவு வேகமாகத் தண்ணீர் எடுக்கலாம் என்பதுதான் சி. 1300 எம்.ஏ.ஹெச் என்பது 1.3 ஆம்பியர் ஹவர். அதை 25 சி-யால் பெருக்கினால் 32.5 ஆம்பியர். முழு வேகத்தில் மோட்டார் 15 ஆம்பியர் கேட்டால், இது தாராளம். உறையில் போட்டிருக்கும் சி எண் பல நேரங்களில் கொஞ்சம் மிகையாகவே இருக்கும். அதனால் தேவையைப்போல இரு மடங்கு இருக்கிற மாதிரி வாங்குங்கள்.

'லேப்டாப்பில் இருந்து கழற்றிய செல் போதாதா?' என்று சிலர் கேட்பார்கள். அவை பெரும்பாலும் மெதுவாகக் கரன்ட் தருவதற்காகச் செய்யப்பட்டவை. திடீரென அதிக கரன்ட் இழுத்தால் சூடேறி, வோல்ட்டேஜ் சரிந்து, நடுவானில் மோட்டார் நிற்கலாம்.

வாங்கினால் மட்டும் போதுமா?

பேலன்ஸ் சார்ஜர் இல்லாமல் லைப்போ வாங்காதீங்க. எல்லா செல்களும் 4.2 வோல்ட்டிலேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வது அதுதான். 1300 எம்.ஏ.ஹெச் பேட்டரியை 1.3 ஆம்பியரில் சார்ஜ் செய்தால் பாதுகாப்பு. எரியாத தரைமீது, கண் முன்னால் சார்ஜ் செய்யுங்கள். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. லைப்போவுக்குள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. பற்றினால் சில நொடிகளில் மெத்தை, திரைச்சீலை வரை போய்விடும்.

ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாழாகிவிடும். டைமர் வைத்து, பேட்டரி தீரும் முன்பே தரையிறக்குங்கள். ஒரு வாரம் பறக்கப்போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்துவையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீங்க.

உப்பிப்போன பேட்டரியை 'இன்னும் ஒருதடவை' என்று மாட்டாதீங்க. குத்தவும் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். வீட்டுக் குப்பையிலும் போடாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். புது பேட்டரிக்குக் கொஞ்சம் பணம் செலவாகலாம். வீட்டைவிட அது பெரிசில்லையே!