இறைசித்தம் எது?

"சுவாமி, நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டதும் தேவசித்தமோ?"

நாம் குருவாகிய புதிதில், இடம்பெயர்ந்தோர் குடியிருப்பொன்றில் மண்டைதீவுப் பெரியவர் ஒருவர் இப்படிக் கேட்டார். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தில் தரையிறங்கியபோது தோட்டத்தையும் மாடுகளையும் விட்டு யாழ்ப்பாணம் வந்தவர் அவர். 1995 அக்டோபர் 30 இல் அங்கிருந்தும் குடும்பத்தோடு தென்மராட்சிக்கு நடந்தவர். "எல்லாம் ஆண்டவர் சித்தம், பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு நாம் அடுத்த குடிசைக்குப் போனோம். அந்தப் பதிலை நினைத்து இன்று வெட்கப்படுகிறோம்.

யாருடைய சித்தம்?

அதே 1990 ஆகஸ்டில் மண்டைதீவு இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். இதை இறைசித்தம் என்றால், மனிதர் செய்த பாவத்தை இறைவன் தலையில் சுமத்துகிறோம். எமக்கு நேர்ந்த தீமைக்கு இறைசித்தம் என்று பெயரிட வேண்டாம். அந்தத் தீமையின் நடுவில் இறைவன் எம்மிடம் எதைச் செய்யக் கேட்கிறாரோ, அதுவே இறைசித்தம்.

கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தமது விருப்பத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று முதலில் கேட்டார். அதன் பின்னரே தந்தையின் விருப்பத்தை முன்னே வைத்தார். ஆகவே, எமது காணியும் வீடும் வேண்டுமென்று ஆசைப்படுவது பாவமல்ல. அதைச் செபத்தில் கேட்போம். பிரதேச செயலகத்திலும் கேட்போம்.

அல்லைப்பிட்டியில் ஒரு குரு

மண்டைதீவுக்கு அயற்கிராமம் அல்லைப்பிட்டி. 2006 ஆகஸ்ட் 13 இல் மக்கள் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்தன, பலர் மாண்டனர். பங்குத் தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார், மக்களைப் பாதுகாப்பாக ஊர்காவற்றுறைக்குக் கொண்டு சேர்க்க உழைத்தார். அவருக்கும் உயிர்மேல் ஆசை இருந்திருக்கும். ஆயினும் ஆகஸ்ட் 20 இல், துணைக்கு வந்த குடும்பஸ்தர் ஒருவரோடு மீண்டும் அல்லைப்பிட்டிக்குச் சென்றார். கடற்படைச் சோதனைச் சாவடியருகே இருவரும் கடைசியாகக் காணப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. பின்னர் திரும்பவேயில்லை.

அவர்கள் காணாமற்போனது இறைசித்தமல்ல. ஆபத்திலிருந்த மக்களை அவர் கைவிடாததே இறைசித்தம்.

கிணற்றடியில் ஒரு சோதனை

எம்மில் பெரும்பாலோரிடம் இறைவன் இத்தனை பெரிய தியாகத்தைக் கேட்பதில்லை. எமது சோதனை கிணற்றடியிலும் வேலியடியிலும் வருகிறது.

தீவகத்தில் ஆறு இல்லை. மாரி மழைநீர் நிலத்துள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. எமது நன்னீர் அவ்வளவுதான். அக்காலத்தில் துலா மிதித்து அளவோடு இறைத்தார்கள். இன்று இயந்திரத்தைப் பூட்டி நாள் முழுவதும் இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும்; எமது கிணறும் கெடும், அயலவர் கிணறும் கெடும். இருபது வருடம் இழந்ததை ஒரே போகத்தில் எடுத்துவிட வேண்டும் என்பது எமது விருப்பம். அயலவர் பிள்ளைக்கும் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்பது இறைவனின் விருப்பம். எதை முன்னே வைப்போம்?

இன்னொன்று. ஊர் திரும்பும்போது எமது காணியில் வேறொரு அகதிக் குடும்பம் கொட்டில் போட்டிருக்கக்கூடும். காணி எமதுதான்; உரிமையை விட வேண்டியதில்லை. ஆனால் பொலிசுக்கு ஓடுமுன், அவர்களுக்குப் போக்கிடம் உண்டா என்று கேட்டுத் தவணை கொடுப்போமா? அல்லது எமக்குப் பிறர் செய்ததை நாமும் அவர்களுக்குச் செய்வோமா?

இதைத் தனியே செய்வது கடினம். ஆகவே கிணற்றுக்குச் சொந்தக்காரர் ஒன்றுகூடி, எவர் எந்நேரம், எவ்வளவு இறைப்பது என்று தீர்மானிக்கட்டும். மாரிக்கு முன்னரே குளத்தையும் கேணியையும் சிரமதானமாகத் தூர்வாரட்டும். மழைநீர் கடலுக்கு ஓடாது நிலத்தில் இறங்கும். இதுவும் செபமே.

அந்தப் பெரியவர் இன்று கேட்டால் நாம் இப்படிச் சொல்வோம்: "இல்லை ஐயா, உங்களைத் துரத்தியது தேவசித்தமல்ல. திரும்பிப் போய்க் கிணற்றைத் துப்புரவாக்கும்போது, முதல் வாளித் தண்ணீரை ஆருக்குக் குடுக்கிறியள் எண்டதிலைதான் தேவசித்தம் இருக்கு."

இன்றிரவு குடும்பச் செபத்தில் இதைச் சிந்திப்போம்: எமது கிணற்றில் அந்த முதல் வாளி யாருக்கு?