ஒரு பல் பிசகினால்



மோட்டார் இயந்திரத்தைத் தாமே பிரித்துப் பழுது பார்க்கும் ஆர்வம் நம் இளைஞர் பலரிடம் இருக்கிறது. அதை நான் குறை கூறமாட்டேன். கையில் தொழில் உள்ளவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஆயினும், பிரித்த இயந்திரத்தைத் திரும்பப் பூட்டும்போது, எல்லாப் பாகங்களும் புதியனவாக இருந்தும், ஒரே ஒரு பல் பிசகியதனால் வண்டி ஓடாமல் நின்றுவிடுவதுண்டு. அந்தப் பல் எது, அது பிசகினால் என்ன கேடு, அதை எவ்வாறு திருத்துவது என்பதை இன்று பார்ப்போம்.

விளக்கத்துக்கு ஒரு பந்தய வகைக் காரை எடுத்துக்கொள்வோம். ஜப்பான் நாட்டு ஹிரோஷிமாவில் மாஸ்டா நிறுவனம் செய்த எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் அமரும் திறந்த கார், 1989ஆம் ஆண்டு சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதன் முதல் இயந்திரம் 1,597 சி.சி. அளவுடையது, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, இரண்டு கேம் தண்டு. உலகின் பல நாடுகளில் இந்தக் காரை வைத்திருப்போர் தம் வீட்டுக் கொட்டகையிலேயே அதைப் பழுது பார்க்கிறார்கள். ஆகவே நம் பாடத்துக்கு ஏற்ற கார் இது.

இயந்திரத்தின் உள்ளே நடப்பது என்ன? பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது அது அழுத்தப்படுகிறது. பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கு வேலையும் முடிவதற்குள் அடியிலுள்ள கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டோ ஒரு சுற்றுத்தான் சுற்ற வேண்டும். இரண்டையும் இணைத்து இந்தக் கணக்கைக் காப்பது டைமிங் பெல்ட் என்னும் பல் வைத்த ரப்பர் வார்.

கிராங்க் நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால் கேம் 3,000 சுற்றுச் சுற்றும். அதாவது ஒரு வால்வு நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி உலக்கையை எடுக்கும் நேரத்தில் மற்றவள் போடுகிறாள். ஒருத்தி சற்றே பிந்தினால் உலக்கையோடு உலக்கை மோதும். வால்வும் பிஸ்டனும் அப்படித்தான். சில இயந்திரங்களில் பெல்ட் பிசகினாலோ அறுந்தாலோ, திறந்திருக்கும் வால்வின்மேல் பிஸ்டன் வந்து மோதி வால்வு வளைந்துவிடும். எம்.எக்ஸ்.-5 காரின் இந்த முதல் இயந்திரத்தில் அவ்வாறு மோதாதபடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா இயந்திரமும் இப்படி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வண்டியின் கைந்நூலைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஒரு பல் பிசகுவது அவ்வளவு பெரிய தவறா என்று கேட்கலாம். கேம் சக்கரத்தில் 40 பற்கள் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு வட்டம் 360 பாகை. ஒரு பல்லுக்கு 9 பாகை. கேம் ஒரு சுற்றுச் சுற்ற கிராங்க் இரு சுற்றுச் சுற்றுவதால், கிராங்கின் கணக்கில் அது 18 பாகை ஆகிவிடுகிறது. உள்வாங்கும் வால்வு இவ்வளவு பிந்தி மூடினால், உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதியைப் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். வண்டி மெதுவாக ஓடும்போது நடுங்கும். மேடு ஏறத் திணறும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

இனி, குறையைக் கண்டறியும் முறை. நீர்ப் பம்ப்போ சிலிண்டர் தலைக் கேஸ்கெட்டோ மாற்றிய பிறகுதான் வண்டி இப்படி ஆயிற்று என்றால், முதல் சந்தேகம் பெல்ட்டின்மேல் விழ வேண்டும். அழுத்தமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து பாருங்கள். நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவில் அழுத்தம் குறைந்திருந்தால் கேம் பிசகியிருக்கலாம். ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையோ கேஸ்கெட்டையோ பிஸ்டன் வளையத்தையோ சோதிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் காரில் பொறி விழும் நேரத்தை அறிவிக்கும் உணர்கருவி, கேம் தண்டின் பின் முனையில் இருக்கிறது. ஆகவே அந்தக் கேம் பிசகினால் பொறியின் நேரமும் கூடவே பிசகும். சிலர் உணர்கருவியைத் திருப்பிப் பொறியை மட்டும் சரிசெய்துவிடுவார்கள். வண்டி சற்றுத் தேறியது போலத் தோன்றும். ஆனால் வால்வுகள் தவறான நேரத்திலேயே திறந்துகொண்டிருக்கும். இது காய்ச்சலின் காரணத்தைப் பாராமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதைப் போன்றது. முதலில் பெல்ட், பிறகுதான் பொறி.

திருத்தும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். இயந்திரம் நன்றாக ஆறட்டும். பேட்டரிக் கம்பியைக் கழற்றுங்கள். இந்தக் காரில் பேட்டரி பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் இருக்கும். நான்கு பிளக்குகளையும் எடுத்துவிட்டால் இயந்திரம் கையால் எளிதாகச் சுழலும். மேல் மூடிகளைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, கடிகார முள் செல்லும் திசையில் மட்டும் சுழற்றுங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் காட்டும் குறியில் நிறுத்துங்கள்.

இப்போது மேலே பாருங்கள். ஒவ்வொரு கேம் சக்கரத்திலும் ‘ஐ’ என்றும் ‘ஈ’ என்றும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி ஆனவை. கலவை உள்வாங்கும் பக்கத்துச் சக்கரத்தில் ‘ஐ’ குறியையும், புகை போகும் பக்கத்துச் சக்கரத்தில் ‘ஈ’ குறியையும் மட்டுமே பின்னாலுள்ள கோடுகளோடு நேராக்க வேண்டும். எழுத்தை மாற்றிப் பார்த்து ஏமாறுவோர் உண்டு. குறிகள் மேலே வராமல் அடியில் இருந்தால் பதற வேண்டாம். கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், மேலே வந்துவிடும்.

குறி ஒரு பல் தள்ளி நின்றால், பெல்ட்டை இறுக்கும் சக்கரத்தைத் தளர்த்தி, பெல்ட்டை எடுங்கள். கிராங்க்கை அசைக்காமல், கேம் தண்டிலுள்ள அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் வைத்துக் கேமை மட்டும் மெல்லத் திருப்பிக் குறியை நேராக்குங்கள். இறுக்கும் சக்கரம் இல்லாத பக்கத்தில் தொய்வு சிறிதும் இல்லாமல் பெல்ட்டைப் பூட்டுங்கள். அந்தப் பக்கத்தில் விடும் தொய்வுதான் ஒரு பல் பிசகுவதற்குப் பெரும்பாலும் காரணம். எண்ணெய் பட்ட பெல்ட்டை மறுபடி போடாதீர்கள்.

பிறகு கைந்நூல் சொல்லும் முறையில் பெல்ட்டை இறுக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மூன்று குறிகளையும் மீண்டும் சரிபாருங்கள். சுற்றும்போது எங்கேனும் கெட்டியாக முட்டினால் வலுவைக் காட்டாமல் நிறுத்துங்கள். குறிகள் சரியாக நின்ற பிறகே பொறியின் நேரத்தைப் பார்க்க வேண்டும். அது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 பாகை முன்னதாக அமைய வேண்டும்.

எல்லாம் செய்தும் குறி மறுபடி பிசகுகிறதா? இந்தக் காரின் தொடக்க கால வண்டிகள் சிலவற்றில் கிராங்க் முனையிலுள்ள சாவித் துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, முன் சக்கரம் ஆட்டம் காண்பதுண்டு. பெல்ட் மாற்றியபோது கிராங்க் போல்ட்டைச் சரியான அளவில் இறுக்காததே பலமுறை இதற்குக் காரணமாகிறது. அப்படியானால் பெல்ட்டை எத்தனை முறை மாட்டினாலும் பயனில்லை. தேர்ந்த பட்டறைக்காரரிடம் கொண்டுபோவதே அறிவுடைமை.

நேயர்களே, பந்தயக் கார் நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். தோட்டத்துக்குள் ஓடும் ஹோண்டா கப்சாயிலும் கேம் தண்டு உண்டு; அங்கே பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அதன் பல் சக்கரத்திலும் ஒரு வட்டக் குறி உண்டு. 1985ஆம் ஆண்டில் வெளிவந்த புரோட்டான் சாகாவிலும் டைமிங் பெல்ட் உண்டு. விதி எல்லாவற்றுக்கும் ஒன்றே.

பெற்றோர்களே, உங்கள் மகன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டிருந்தால் உடனே ஏசாதீர்கள். கழற்றுமுன் குறி பார்த்தாயா, வெள்ளைச் சாயத்தால் அடையாளம் வைத்தாயா, பூட்டியபின் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாயா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வளைந்த வால்வுகளை மாற்ற ஒரு மாதச் சம்பளமே போய்விடக்கூடும். கையால் இரண்டு சுற்றுச் சுற்ற ஐந்து நிமிடம் போதும்.