வாடி இருக்கிறது, பத்திரம் எங்கே?

"பாட்டன் காலந்தொட்டு இந்த மீன்வாடியில்தான் வலை காயப் போடுகிறோம், எங்களை எழுப்புவார் யார்?" என்று நம்பியிருந்துவிட்டு, வெளியேறும்படி அறிவித்தல் கைக்கு வந்த பின்னர் விதானையார் வீட்டுக்கும் அரசியல்வாதியின் வாசலுக்கும் மாறிமாறி ஓடி, உள்ள நாட்களையும் தொலைத்துவிடும் கரையோரக் குடும்பங்களைக் கண்டு மனம் நொந்தே இதனை எழுதுகிறேன்.

புத்தளக் கரையில் 1980களில் பெருகிய இறால் பண்ணைகள் பல, 1996இல் வந்த வெண்புள்ளி நோய்க்குப் பின் கைவிடப்பட்டன. பிறகு, உச்சமுனை உட்பட 14 கற்பிட்டித் தீவுகளை உல்லாசப் பயணத்துறைக்கென அபிவிருத்தி செய்யும் திட்டம் வந்தது. பாழான நிலத்தைப் பயனுறச் செய்வது நற்காரியமே; ஆயினும் அங்கே ஜீவனம் நடத்துபவனின் உரிமையை முதலில் எழுத்தில் வரையறுக்காத அபிவிருத்தி, அவனையே முதலில் அப்புறப்படுத்தும்.

அப்படி அப்புறப்படுத்த 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி உடைமை மீட்புச் சட்டத்தின்கீழ் வழக்கு வந்தால், செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ உண்டா என்பதொன்றே நீதவான் முன் எடுபடும். எத்தனை தலைமுறை வாழ்ந்தீர்கள், எத்தனை தென்னை நட்டீர்கள் என்பது எடுபடாது. வாக்காளர் இடாப்பும் மின்கட்டணச் சிட்டையும் விதானையாரின் நற்சான்றும் வசிப்புக்கு அத்தாட்சியேயன்றி அனுமதி ஆகமாட்டா. இதை எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை.

ஆகையால் அறிவித்தல் வருமுன்னரே, பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தமிழிலேயே விண்ணப்பம் எழுதுங்கள்: உங்கள் காணி எந்த நில அளவைப் படத்தில் உள்ளது, காணிப் பேரேட்டில் எவர் பெயரில் உள்ளது, எவருக்கேனும் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டதா என மூன்றையும் கேளுங்கள். பெற்றுக்கொண்டமைக்கு எழுத்துமூல அத்தாட்சி தருவது அலுவலரின் கடமை. "நாளைக்கு வாரும்" என்று அனுப்புவாராயின் நகராதீர்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு வராவிடின், அடுத்த பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், அங்கும் பயனில்லையெனில் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். அத்தாட்சி இல்லாமல் இந்தப் படிகளில் ஏறுவது பெரும்பாடு. மீண்டும் சொல்கிறேன், அதைக் கேட்டு வாங்குங்கள். கையில் பதில் கிடைத்ததும் அனுமதிப்பத்திரம் கோரிப் பிரதேச செயலாளருக்கு எழுதி, காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் காணிக் கச்சேரி கூடும் நாளைத் தவறவிடாதீர்கள்.

அறிவித்தல் வந்தேவிட்டதா? வெற்றுத்தாளில் ஒப்பமிடாதீர்கள், சட்ட உதவி ஆணைக்குழுவையோ சட்டத்தரணியையோ அன்றே நாடி, மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோர இடமுண்டா எனக் கேளுங்கள். அறிவித்தல் கைக்குக் கிட்டிய திகதியை உறையின்மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள்.