டீசலா, பெட்ரோலா? சொகுசு எஸ்யூவி வாங்குமுன் சில கணக்குகள்

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பது தமிழ்ப்பள்ளியில் நாம் மனனம் செய்த பழமொழி. வீடு வாங்கும்போது அதை நினைவில் கொள்ளும் நாம், வாகனம் வாங்கும்போது மறந்துவிடுகிறோம். படித்து முடித்து, வேலையில் உயர்ந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல ஒரு சொகுசு எஸ்யூவி வாங்க வேண்டும் என்பது நம்மில் பலரின் கனவு. புதிதாக வாங்க இயலாதவர்கள் பழைய வாகனச் சந்தையை நாடுகின்றனர். அங்கே “டீசல்தான் மிச்சம்” என்பார் ஒருவர். “டீசல் வேண்டாம், தொல்லை” என்பார் இன்னொருவர். இரண்டும் உண்மைதான். எது யாருக்கு உண்மை என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டும் இயங்கும் விதம்

பெட்ரோல் இயந்திரத்தில் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்படுகின்றன. பிளக் தரும் தீப்பொறி அக்கலவையைப் பற்ற வைக்கிறது. டீசல் இயந்திரத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்று மட்டும் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்பட்டு, 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகிறது. அதில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. ருடோல்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் இதனை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார்.

அழுத்தம் கூடினால் ஒவ்வொரு சொட்டிலிருந்தும் கிடைக்கும் பயன் கூடும். மேலும், ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல் ஆற்றல் உண்டு. டீசல் வாகனம் குறைவாகக் ‘குடிப்பதன்’ இரகசியம் இதுவே.

2010-இல் புதுப்பிக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 வாகனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் 30டி டீசல், 35ஐ பெட்ரோல் ஆகிய இரண்டும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் இயந்திரங்களே. பெட்ரோலின் திறன் 306 குதிரைத்திறன்; டீசலுக்கு 245 மட்டுமே. ஆனால், சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசையில் டீசல் 540 நியூட்டன் மீட்டர், பெட்ரோல் 400. வேகமாகப் பாய்வதில் பெட்ரோல் முந்தும். குடும்பத்தையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது டீசலின் அருமை தெரியும்.

ஓர் இரவில் மாறிய கணக்கு

ஐரோப்பியச் சோதனை அளவின்படி, 100 கிலோமீட்டருக்கு அந்த டீசல் வாகனம் 7.4 லிட்டரும் பெட்ரோல் வாகனம் 10.1 லிட்டரும் பயன்படுத்தும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் டீசல் 1,480 லிட்டர். பெட்ரோல் 2,020 லிட்டர்.

2024 ஜூன் 9 வரை டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசு. ரோன் 95 பெட்ரோல் 2 வெள்ளி 5 காசு. அவ்விலையில் டீசலுக்கு ஆண்டுச் செலவு 3,182 வெள்ளி. பெட்ரோலுக்கு 4,141 வெள்ளி. டீசல்காரருக்கு 959 வெள்ளி மிச்சம்.

ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் உதவித்தொகை மறுசீரமைக்கப்பட்டு, விலை 3 வெள்ளி 35 காசு ஆனது. அதே 1,480 லிட்டருக்கு 4,958 வெள்ளி! அரசின் உதவி பெறாத டீசல்காரர், பெட்ரோல்காரரைவிட 817 வெள்ளி கூடுதலாகச் செலவழிக்கும் நிலை ஏற்பட்டது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய விலையே நீடித்தது. வாகனம் மாறவில்லை, ஓட்டுநரும் மாறவில்லை. அரசின் கொள்கை ஒன்று மாறியது, இலாபம் நட்டமானது. ஆகவே, “டீசல் மிச்சம்” என்பதைக் காலத்திற்கும் பொருந்தும் உண்மையாகக் கொள்ளக்கூடாது. வாங்கும் வாரத்தின் விலையை வைத்து நாமே கணக்கிட வேண்டும்.

மறைந்திருக்கும் வடிகட்டி

விலையைவிட முக்கியமான ஒன்று வாகனத்தின் அடியில் இருக்கிறது. நவீன டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளது. அதில் சேரும் கரி, ஏறத்தாழ 600 பாகை சூட்டில் எரிந்து சாம்பலாக வேண்டும். அந்தச் சூடு கிடைக்க, நெடுஞ்சாலையில் சீரான ஓட்டம் தேவை. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு வாரந்தோறும் சென்று வருபவருக்கு இது சிக்கலே அன்று. பிள்ளையைப் பள்ளியில் விட மூன்று கிலோமீட்டர், சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் என நெரிசலிலேயே ஓடும் வாகனத்தில் கரி எரியாமல் சேர்ந்து, வடிகட்டி அடைபடும். மாற்றுவதற்குப் பல ஆயிரம் வெள்ளி செலவாகும். ஈராண்டு எரிபொருள் மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

இவ்வேளையில், “வடிகட்டியை அகற்றிவிடலாம்” என்று ஆலோசனை கூறும் பட்டறைகளும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருளாக வகைப்படுத்தியது. வடிகட்டி இல்லாத வாகனம் பள்ளி வாசலில் நிற்கும்போது, அப்புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகளே. பழைய டீசல் வாகனம் வாங்குவோர், வடிகட்டி உள்ளதா என்பதை முதலில் சோதிக்க வேண்டும்.

பெட்ரோல் மாசற்றது என்றும் பொருளன்று. மேற்கண்ட பெட்ரோல் எக்ஸ்5 கிலோமீட்டருக்கு 236 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது. டீசல் 195 கிராம். ஆயினும் 2015-இல் வெளியான வோக்ஸ்வாகன் மோசடிக்குப் பின் டீசல் மீதிருந்த நம்பிக்கை சரிந்தது. போர்ஷே 2018-இல் டீசலைக் கைவிட்டது. வோல்வோ 2024-இல் தன் கடைசி டீசல் எக்ஸ்சி90-ஐத் தயாரித்து முடித்தது. நாளை விற்கும்போது வாங்க ஆள் இருப்பாரா என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

ஆக, முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண்போம். வாரத்தில் ஒரு முறையேனும் அரை மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுவேனா? உதவித்தொகை இல்லாத விலையிலும் என்னால் எண்ணெய் நிரப்ப முடியுமா? வடிகட்டி பழுதானால் நேர்மையாகப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கியிருக்கிறேனா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் டீசல் நமக்கு ஏற்றது. ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால் பெட்ரோலே நலம்.

அண்டை வீட்டாரின் வாகனத்தைப் பார்த்து வாங்காமல், நாம் அன்றாடம் செல்லும் சாலையைப் பார்த்து வாங்குவோம்.