ஒரு காபி... ஒரு முழு மாலை! காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ்

கொல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட் முழுக்கப் புத்தகக் கடைகள். அங்கே பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில் படியேறினால், காபி ஹவுஸ்! உயரமான கூரை, நீளக் கம்பியில் தொங்கும் மின்விசிறிகள், சுவரில் தாகூர் படம், தலைப்பாகை கட்டிய பணியாளர்கள்.

ஒரு மேஜையில் சிறுபத்திரிகைக்கு புரூஃப் திருத்துவார்கள். பக்கத்து மேஜையில் மாணவர்கள் நோட்டும் கையுமாக இருப்பார்கள். பசித்தால் கட்லெட் இருக்கிறது. முட்டைக் கலவையைப் போர்த்திப் பொரித்த சிக்கன் கபிராஜியும் இருக்கிறது.

பையில் காசு குறைவா? 'இன்ஃப்யூஷன்' எனக் கேட்டால் பால் சேர்க்காத காபி வரும். அந்த ஒரு கோப்பையோடு மணிக்கணக்கில் உட்காரலாம். எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். சத்யஜித் ராய், அமர்த்தியா சென் எல்லாம் அப்படி வந்து அமர்ந்தவர்கள்தான்.

1942-ல் காபி வாரியம் தொடங்கிய கடை இது. 1958-ல் மூடப்பட்டபோது, பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசுக்கு மனு கொடுத்தார்கள். அதே ஆண்டு மீண்டும் திறந்தது. இன்று கடையை நடத்துவது தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கம்.

நிம்மதியாக உட்கார விட்ட கடையை, உட்கார்ந்தவர்களே காப்பாற்றிவிட்டார்கள்!