குரைக்கும் ஜிம்மியும் நாங்களும்

தோழியரே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் நாய் வளர்க்கிறீர்கள்? வளர்ப்பவர்கள் இக்கட்டுரையைப் படித்துச் சிரிக்கலாம். வளர்க்க ஆசைப்படுபவர்கள் சற்றே நின்று யோசிக்கலாம். அக்காள், தங்கை இருவரும் சேர்ந்து எழுதுவதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் தோட்டம் பெரியதன்று. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, கிணற்றடியில் நாலு வாழை, முன்புறம் செம்பருத்தி வேலி, கம்பிக் கேட். இவ்வளவே. சென்ற கோடை விடுமுறையில் அந்தத் தோட்டத்துக்கு ஜிம்மி வந்து சேர்ந்தது. வெள்ளை உடலும் ஒரு காதில் மட்டும் பழுப்பு நிறமும் கொண்ட ஃபாக்ஸ் டெரியர் குட்டி. வந்த புதிதில் அதன் குரலைக் கேட்க எங்களுக்கு ஆசையாயிருந்தது. அதற்கு ஆறு மாதம் நிறைந்தபோது அந்த ஆசை அறவே போய்விட்டது. அணில் கொய்யாவில் ஏறினால் குரைப்பு. காகம் சுவரில் அமர்ந்தால் குரைப்பு. தபால்காரர், பால்காரர், காஸ் சிலிண்டர் வண்டி, பள்ளி வேன், எல்லாவற்றுக்கும் குரைப்பு. ஒன்றுமே இல்லாவிட்டால் வாழையடி மண்ணைப் பார்த்துக் குரைப்பு!

அடுத்த வீட்டு அக்கா மருத்துவமனையில் நர்ஸ். இரவு டூட்டி முடிந்து காலை எட்டரை மணிக்கு வந்து படுப்பார். அக்டோபர் மாதத்தில் ஒருநாள் பகல் பதினொரு மணிக்குக் கண்கள் சிவக்க எங்கள் வாசலில் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நாலு நாளா பகல்ல கண்ணே மூடலை. நேத்து ராத்திரி ஒருத்தருக்கு ஊசி போடும்போது மருந்துப் பேரை மூணு தடவை படிச்சுப் பாத்தேன். எனக்கே பயமா இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் சண்டை போட்டிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு உறைத்திராது.

அன்று மாலையே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு முடிவதற்குள் குரைப்பு அடங்காவிட்டால் ஜிம்மி தாண்டிக்குடிக்கு, பெரியப்பாவின் காப்பித் தோட்டத்துக்குப் போய்விடும். அங்கே எவ்வளவு குரைத்தாலும் கேட்பாரில்லை. ஆனால் மலைத் தோட்டங்களில் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிச் செல்வதுண்டு என்று பெரியப்பாவே முன்பொருமுறை சொல்லியிருந்தார். அன்றிரவு எங்கள் இருவருக்கும் பாடம் ஏறவில்லை.

அதுவரை நாங்கள் செய்து வந்தது எல்லாரும் செய்வதுதான். "ஏய் ஜிம்மி, சும்மா இரு!" என்று வீட்டுக்குள்ளிருந்தே கத்துவோம். நாங்கள் கத்தக் கத்த அது இன்னும் உரக்கக் குரைக்கும். நாம் சொல்லும் சொல் அதற்கு விளங்குவதில்லை; வீட்டார் எல்லாரும் தன்னுடன் சேர்ந்து குரைக்கிறார்கள் என்றே அதற்குத் தோன்றும் போலும். கத்துவதை நிறுத்திவிட்டு, இந்த நாய் ஏன் இப்படிக் குரைக்கிறது என்று படித்துப் பார்க்கத் தொடங்கினோம்.

இலத்தீன் மொழியில் 'தெர்ரா' என்றால் மண். அச்சொல் பிரெஞ்சு மொழி வழியாக வந்து 'டெரியர்' ஆயிற்று. மண்ணுக்குள் போகும் நாய் என்பது பொருள். இங்கிலாந்தில் நரி வேட்டையின்போது பெரிய வேட்டை நாய்கள் நரியைத் துரத்தும். நரி வளைக்குள் நுழைந்துவிட்டால் அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது. அப்போது சிறிய உருவமுள்ள டெரியரை உள்ளே விடுவார்கள். இருட்டில், மண்ணுக்கடியில், தன்னந்தனியாக நரியின் முன் நின்று அது விடாமல் குரைக்கவேண்டும். மேலே நிற்பவர்கள் அந்தக் குரலைக் கேட்டே எந்த இடத்தில் தோண்டுவது என்று முடிவு செய்வார்கள். ஆகவே, வாய் ஓயாத டெரியரே நல்ல டெரியர் என்று பெயர் வாங்கியது. அதன் குட்டிகளையே மேலும் மேலும் வளர்த்தார்கள். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்று நம் பெரியவர்கள் சொல்வதை நாங்கள் முழுதும் நம்பமாட்டோம். ஆனால், கடிப்பதைவிடக் குரைப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு நாய் இருந்ததென்பது உண்மை.

டெவன் மாவட்டத்தில் ஆங்கிலிக்கன் சபைக் குருவாயிருந்த ஜான் ரஸ்ஸல் (1795-1883) இத்தகைய நாய்களை வளர்ப்பதில் பேர்பெற்றவர். ஆக்ஸ்போர்டில் மாணவராயிருந்தபோது, 1819-இல், ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்னும் பெட்டை நாயை வாங்கினார். ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற இனம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. டெரியர் குலத்துக்குப் பால்காரர் ஒருவர் செய்த அந்த உதவிக்கு எங்கள் ஜிம்மி இன்றுவரை சிறிதும் நன்றி காட்டியதில்லை. நாய்களைக் கொண்டு நரி வேட்டையாடுவது இங்கிலாந்தில் 2004-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் தடைசெய்யப்பட்டுவிட்டது. வேலை போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை.

இதைப் படித்தபின் ஜிம்மியின்மேல் எங்களுக்கிருந்த கோபம் பாதி தணிந்தது. வாழையடி மண்ணைப் பார்த்து அது குரைத்ததன் காரணமும் விளங்கியது. மனிதரின் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் உள்ள ஒலி வரைதான் கேட்கும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். அங்கே மண்ணுக்கடியில் பெருச்சாளி வளை இருந்தது! எங்களுக்குக் கேட்காத கீச்சொலி அதற்குக் கேட்டிருக்கிறது.

அடுத்து ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஜிம்மி எப்போது, எதைப் பார்த்துக் குரைத்தது, எப்போது நிறுத்தியது என்று ஒரு வாரம் குறித்து வந்தோம். நாங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு அம்மா குறித்தார்கள். இந்த வேலையைச் செய்யாமல் யாரும் பயிற்சியில் இறங்கவேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏனெனில் குரைப்பெல்லாம் ஒரே வகை அன்று. எங்கள் நோட்டில் பாதிக்கு மேல் கேட்டருகில் நடந்த குரைப்புகள். தபால்காரர் வருகிறார், ஜிம்மி குரைக்கிறது, அவர் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அவர் தம் வேலை முடிந்ததால் போகிறார் என்பது ஜிம்மிக்குத் தெரியாது. தான் குரைத்ததால்தான் போனார் என்று அது முடிவு கட்டுகிறது. நாள்தோறும் வெற்றி! வெற்றி தரும் செயலை எந்த உயிர்தான் விட்டுவிடும்?

ஆகவே, முதல் மாற்றத்தை நாயிடம் செய்யவில்லை, கேட்டில் செய்தோம். கம்பிகளின் உட்புறம் மூன்றடி உயரத்துக்கு மூங்கில் தட்டி வைத்துக் கட்டினோம். தெரு தெரியாமல் போனதும் அங்கே நடந்த குரைப்பு வெகுவாகக் குறைந்தது. தோட்டத்தில் அதைத் தனியே விடுவதையும் நிறுத்தினோம். காலையில் வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நடத்திக் கூட்டிப்போனோம். (தார்ச் சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.) சுவரோரம் ஆற்று மணலைக் கொட்டி, தோண்டுவதற்கென்று ஓர் இடமும் கொடுத்தோம். மண்ணில் பிறந்த பெயருடைய நாய் மண்ணைத் தோண்டாமல் வேறெதைத் தோண்டும்?

இனிப் பயிற்சி. அதை ஆரவாரம் மிகுந்த தோட்டத்தில் தொடங்காமல் கூடத்தில் தொடங்கினோம். தங்கை வெளியே நின்று கதவைத் தட்டுவாள். ஜிம்மி குரைக்கும். அக்காள் அருகில் சென்று, சாதாரணக் குரலில், ஒரே ஒருமுறை "போதும்" என்று சொல்லி, அதன் மூக்கருகே வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைக் காட்டுவாள். மோப்பம் பிடிக்கும் நாயால் அதே கணத்தில் குரைக்க முடிவதில்லை. அது வாயை மூடியதும் மனத்துக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணித் துண்டைக் கொடுப்பாள். அடுத்த நாள் மூன்று வரை, பிறகு ஐந்து, பத்து என்று எண்ணிக்கையைக் கூட்டினோம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, குட்டிக்குச் சலித்துவிடும். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, பின்னர் அந்த ஒலிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும்படி செய்தவர், 1904-இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் பாவ்லவ். எங்கள் கூடத்தில் அந்த ஒலி "போதும்" என்ற சொல்லே. பத்து நாளில், துண்டைக் காட்டாமலே அச்சொல்லுக்கு ஜிம்மி திரும்பிப் பார்த்தது. பிறகுதான் நீளமான கயிற்றில் பிடித்துத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றோம்.

கொடுக்கும் துண்டு பொட்டுக்கடலை அளவு இருந்தால் போதும். கோழி இல்லாத நாளில் காரட் கொடுத்தோம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. கிறிஸ்துமஸ் கேக்கில் உலர்ந்த திராட்சை இருப்பதை மறந்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக நடந்துகொண்டிருக்கையில் நவம்பர் நடுவில் குரைப்பு திடீரென்று இரட்டிப்பாயிற்று. நாங்கள் அழாத குறைதான். நோட்டைப் புரட்டினால் எல்லாம் பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணிக்குள். அம்மா சற்றுக் கண்ணயரும் நேரம். விசாரித்ததில் எங்கள் அப்பத்தாதான் காரணம் என்று தெரிந்தது. ஜிம்மி குரைத்தவுடன் திண்ணையிலிருந்தபடியே பிஸ்கட் ஒன்றைப் போட்டு வாயடைத்திருக்கிறார். "வாயில்லா ஜீவன்டி, பசிக்குது அதுக்கு" என்றார். வாயில்லா ஜீவனா! குரைத்தால் பிஸ்கட் விழும் என்று ஜிம்மி ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டது. அதை மறக்கடிக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. பிஸ்கட்டை நிறுத்திய முதல் நாலைந்து நாட்கள் முன்னிலும் அதிகமாகக் குரைத்தது. வழக்கமாகக் கிடைப்பது கிடைக்காவிட்டால் எந்தப் பிராணியும் முதலில் இன்னும் பலமாக முயன்று பார்க்கும். அந்த நாட்களில் மனமிரங்கி ஒரேயொரு தடவை கொடுத்துவிட்டாலும், 'விடாமல் குரைத்தால் கிடைக்கும்' என்ற புதிய பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். அப்பத்தாவுக்கு இதை விளக்கியதுதான் முழுப் பயிற்சியிலும் கடினமான பகுதி.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும். அப்பத்தா செய்த பிழையில் கொஞ்சம் நாங்களும் செய்துகொண்டிருந்தோம். சில சமயம் ஜிம்மி கேட்டைப் பார்த்து இரண்டு குரை குரைத்துவிட்டு, நாங்கள் சொல்லுமுன்பே ஓடிவந்து வாயைப் பிளந்து நிற்கும். குரைத்து நிறுத்தினால்தானே துண்டு? ஆகவே நிறுத்துவதற்காகவே குரைக்கத் தொடங்கிவிட்டது! அதன்பின் முறையை மாற்றினோம். அணிலைப் பார்த்துக் காது நிமிர்ந்து, வாய் இன்னும் திறக்காத அந்த ஒரு கணத்தில் மெதுவாகக் கூப்பிட்டு, திரும்பினால் அப்போதே கொடுத்தோம். குரைக்காமலிருந்ததற்குக் கூலி. எல்லா முறைகளிலும் இதுவே மிகுந்த பலன் தந்தது. தாத்தாவின் பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளில் ஒலிக்குழாய் முன் காது கொடுத்து அமர்ந்திருக்கும் நாயைப் பார்த்திருப்பீர்கள். நிப்பர் என்ற அந்த நாய் (1884-1895) டெரியர் கலப்புடையதுதான். டெரியருக்கும் வாய் மூடிக் கேட்கத் தெரியும் என்பதற்கு அந்தப் படத்தைத்தான் அப்பத்தாவிடம் காட்டினோம்.

மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டையை வாங்கிப் போடும்படி உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் அது தடைசெய்யப்பட்டுள்ளது. வலியால் வாயை மூடும் நாய்க்கு, அணிலைக் கண்ட அச்சமும் சேர்ந்துகொண்டால் பிறகு எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடுவதும் தீர்வன்று. கட்டிய நாய் இன்னும் அதிகம் குரைக்கும். தவிர, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கபடி நடமாட விடாமலிருப்பது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அமைதியாயிருந்த நாய் திடீரென்று ஓயாமல் குரைத்தால் உடம்பில் வலி இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அரையாண்டுத் தேர்வும் முடிந்தது. ஜிம்மி இப்போது ஊமையாகிவிடவில்லை. கீரியைக் கண்டால் இன்றும் ஐந்தாறு முறை குரைத்துவிட்டுத்தான் எங்களைத் திரும்பிப் பார்க்கும். கீரி விஷயத்தில் "போதும்" இன்னும் போதவில்லை. தாண்டிக்குடிப் பேச்சை அப்பா எடுக்கவில்லை; ஜிம்மி இங்கேயே இருக்கும் என்றும் அவர் வாய்திறந்து சொல்லவில்லை. நர்ஸ் அக்கா மாதந்தோறும் தம் டூட்டிப் பட்டியலை எழுதிக் கொடுக்கிறார். அதைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். அவர் பகலில் உறங்கும் நாட்களில் ஒன்பது முதல் இரண்டு வரை ஜிம்மிக்குத் தோட்டம் கிடையாது. பின்கட்டில் அம்மாவுடன் இருக்கும். மார்ச் மாதப் பட்டியல் நேற்று வந்தது. அதில் பன்னிரண்டு இரவுகள் இருக்கின்றன.